கடலில் கொட்டாதே, மண்ணில் புதைக்காதே, வெட்டவெளியில் எரிக்காதே: இராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

கடலோரப் பாதுகாப்பு, மீன்வளம், பொது சுகாதாரம், இரசாயன ஆயுத உடன்படிக்கை ஆகிய பொறுப்புகளைக் கையில் வைத்திருக்கும் மத்திய, மாநில அரசு அதிகாரிகளுக்கு,

எங்கள் ஊர் கொடுத்த மனுவை, "இத்துறை சார்ந்ததல்ல" என்று ஒரே வரியில் எழுதி முடித்துவைத்திருக்கிறார்கள். அப்படியானால் எந்தத் துறை சார்ந்தது, அடுத்து எங்கே போய்க் கேட்பது என்று அந்த வரியில் இல்லை. நாங்கள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. வலையில் மாட்டியோ கரையில் ஒதுங்கியோ ஒரு பொருள் வருகிறது. குண்டா, உருளையா, பீப்பாயா, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாத பொருள். அதை யாரிடம் ஒப்படைப்பது, ஒப்படைத்தவனுக்கு என்ன ஆகும் என்று கேட்டோம். இதற்குப் பதில் சொல்லும் துறை ஒன்றுகூட இல்லை என்பதை ஏற்க முடியாததால், உங்கள் எல்லோருக்கும் சேர்த்து, எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மனு கொடுக்கக் காரணமானதைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி நாட்டுப்படகில் தென்கடலுக்குப் போகிறவன். வெளியூர் அதிகாரிகளுக்காகச் சொல்கிறேன், மன்னார் வளைகுடாவை நாங்கள் தென்கடல் என்போம், பாக் விரிகுடாவை வடகடல் என்போம். போன கச்சான் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில், அவன் வலையில் முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்பு உருளை ஏறியது. மேலெல்லாம் சிப்பி, பாசி. ஒரு முனை துருவில் அரித்துத் திறந்திருந்தது. வலை கிழியக் கூடாதே என்று கையாலேயே விடுவித்திருக்கிறான். திறந்த முனையிலிருந்து மஞ்சளும் பழுப்புமாக மெழுகுப் பதத்தில் ஏதோ வலைக் கண்ணிகளில் அப்பிக்கொண்டது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தான். வலி இல்லை, எரிச்சல் இல்லை. கடல் தண்ணீரிலேயே கையை அலம்பிவிட்டு, கொண்டுபோன சோற்றையும் சாப்பிட்டிருக்கிறான்.

ராத்திரி வீட்டில் படுத்த பிறகுதான் விரலிடுக்குகள் சிவந்தன. விடிவதற்குள் உள்ளங்கை ஓரம் முழுக்கக் கொப்புளம். கண்ணைத் தேய்த்திருப்பான் போல, வலது இமை வீங்கித் திறக்க முடியவில்லை. மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். சொறி, அதாவது ஜெல்லிமீன், பட்டிருக்கும் என்று களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். ஐயா, சொறி என்றால் என்னவென்று எங்கள் வீட்டுச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சொறி பட்டால் பட்ட கணமே ஆளைத் துடிக்க வைக்கும். ராத்திரி வரை காத்திருக்காது. நான் அதைச் சொன்னேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அப்புறம் அந்த உருளை. தகவல் சொல்ல ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தோம். "நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். அதைத் தொட்டுத்தான் இப்படி ஆனது என்று சொன்ன பிறகும் அதே பதில்தான். இன்னோர் இடத்திலிருந்து ஆள் வந்தது. வந்தவர் ஒரு சாக்கை எடுத்து, வெறுங்கையால் உருளையைச் சுற்றி, இருசக்கர வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அவர் கைக்கு என்ன ஆயிற்று என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அதற்குப் பின் நடந்ததெல்லாம் விசாரணை. எங்கே வலை போட்டாய், எல்லை தாண்டினாயா, யார் கொடுத்தது, யாருக்குக் கொண்டுபோனாய். கை முழுக்கக் கட்டுப் போட்டுக்கொண்டு அவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். படகு கரையில் நின்றது. கூடப் போனவர்களுக்கும் அத்தனை நாள் பாடு இல்லை, வருமானம் இல்லை. உருளையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தார்களா, அது என்னவென்று தெரிந்ததா என்று கேட்டால் "மேலே அனுப்பியிருக்கிறோம்" என்பதோடு சரி. ஊர்ப் பெரியவர்கள் கடைசியில் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "இனி இந்த மாதிரி எது வந்தாலும் அங்கேயே விட்டுட்டு வாங்கப்பா. வாயைத் திறக்காதீங்க."

அந்தப் பெரியவர்களை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்ற அவர்களுக்குத் தெரிந்த வழி அது. ஆனால் அப்படிக் கடலில் திரும்ப விட்ட பொருள் எங்கே போகிறது? அடுத்த படகின் வலை மடிக்கு. இல்லையென்றால் பாசி எடுக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கும் பெண்களின் கைக்கு. எங்கள் கரையோரம் வேறு பழக்கமும் உண்டு. கரையில் ஒதுங்கிய டின்னை ஆள் நடமாட்டமில்லாத மணலில் குழி தோண்டிப் புதைப்பார்கள். டப்பா, பீப்பாய் என்றால் பனையோலையைப் போட்டுக் கொளுத்திவிடுவார்கள். யாரிடம் சொல்வதென்று தெரியாத மனிதனுக்கு இந்த மூன்று வழியும்தான் தெரியும்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். இரசாயன ஆயுதங்களைத் தடைசெய்து 1997 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் இருக்கிற இரசாயன ஆயுத உடன்படிக்கையில் இந்தியா உறுப்பு நாடு. ஆயுதங்களை எந்த முறையில் அழிப்பது என்பதை அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ளலாம் என்று அந்த உடன்படிக்கை சொல்கிறது. ஆனால் மூன்று முறைகளைக் கையாளவே கூடாது என்கிறது. எந்த நீர்நிலையிலும் கொட்டக் கூடாது. நிலத்தில் புதைக்கக் கூடாது. திறந்த குழியில் போட்டு எரிக்கக் கூடாது. அதற்கென்றே கட்டி, அதற்கான கருவிகளோடு இருக்கும் இடத்தில்தான் அழிக்க வேண்டும். கொண்டுபோகும்போதும் அழிக்கும்போதும் மக்களின் பாதுகாப்புக்கும் சுற்றுச்சூழலுக்கும்தான் முதலிடம் கொடுக்க வேண்டும். அரசுகள் ஒன்றுகூடித் தங்களுக்குத் தாங்களே தடை போட்டுக்கொண்ட அதே மூன்று முறைகளுக்குத்தான் எங்கள் ஊர் ஆட்களைத் தள்ளிவிட்டிருக்கிறீர்கள். என் மடலின் மொத்த வழக்கும் இதுதான்.

தம்பியின் கையில் பட்டது கடுகு வாயு என்ற போர்நச்சு என்று நான் சொல்லவில்லை. அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். ஆனால் கடுகு வாயு எப்படித் தாக்கும் என்று படித்துப் பார்த்தேன். பெயர்தான் வாயு, அது எண்ணெய்ப் பதமான திரவம். தண்ணீரைவிட எடை கூடியது, கடலில் விழுந்தால் அடியில் போய்ப் படியும். சுமார் 14 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும். நீண்ட நாள் கடலுக்கடியில் கிடந்தால் மேலே தோல் கட்டி, உள்ளே வீரியம் குறையாமல் கட்டியாகவே இருக்கும். தோலில் பட்டதும் வலிக்காது. சில மணி நேரம் கழித்து, சிலருக்கு ஒரு நாள் கழித்துக்கூட, சிவந்து கொப்புளிக்கும். கண்ணைத் தாக்கும், மூச்சுக்குழாயைத் தாக்கும். மாற்று மருந்து கிடையாது. பட்ட சில நிமிடங்களுக்குள் துணியைக் களைந்துவிட்டு சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுவதுதான் பெரிய சிகிச்சை. கடலில் எதையோ தொட்ட ஒருவன், வலியே இல்லாமல் இருந்து ராத்திரியில் கொப்புளத்தோடு வந்து நின்றால், எந்த மருத்துவருக்கும் இந்தச் சந்தேகம் ஒரு தடவையாவது வர வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அப்படி ஒன்று இந்தக் கரையில் நடக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவே இல்லை.

"இந்தியாவிடம் இரசாயன ஆயுதமே இல்லை, அப்புறம் எதற்கு இந்தப் பேச்சு" என்று ஓர் அதிகாரி எங்களிடம் நேரிலேயே கேட்டார். இப்போது இல்லை என்பது உண்மை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. 1997-இல் தன்னிடம் 1,044 டன் கடுகு வாயு இருக்கிறது என்று இந்தியா உலகத்துக்கு அறிவித்தது. 2009-ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக்குள் சர்வதேச ஆய்வாளர்களின் கண்காணிப்பில் அத்தனையையும் அழித்து முடித்தது. 2000-இல் இதற்கென்று தனிச் சட்டமே போட்டது. ஆயிரம் டன் விஷத்தைக் கணக்கு வைத்து அழிக்கத் தெரிந்த அரசுக்கு, தென்கடலில் கிடைத்த ஓர் உருளையைச் சோதித்து எங்களுக்கு ஒரு காகிதம் கொடுப்பது முடியாத காரியமா?

அரசிடம் இல்லை என்றால் கடலிலும் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, மிஞ்சிய இரசாயன குண்டுகளைக் கடலில் கொட்டுவதுதான் உலகம் முழுக்க வழக்கமாக இருந்தது. ஐரோப்பாவின் பால்டிக் கடலில் டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவை ஒட்டிக் கொட்டினார்கள். ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள ஆழமான பள்ளத்தில் பத்து லட்சம் டன்னுக்கு மேல் வெடிபொருள் கிடக்கிறது. இத்தாலியின் பாரி துறைமுகத்தில் 1943 டிசம்பர் 2 அன்று குண்டுவீச்சில் ஒரு கப்பல் வெடித்தது. அதில் கடுகு வாயுக் குண்டுகள் இருந்த சேதியை மருத்துவர்களிடமே மறைத்துவிட்டார்கள். தண்ணீரில் விழுந்து எண்ணெயோடு நனைந்த மாலுமிகள் ஈரத்துணியோடு படுக்கவைக்கப்பட்டார்கள், என்னவென்றே தெரியாமல் செத்தார்கள். போர் முடிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அந்தக் கரையோர மீனவர்கள் வலையில் வந்த குண்டுகளால் கொப்புளித்தார்கள். அமெரிக்காவோ பழைய கப்பல்களில் நச்சு ஏவுகணைகளை ஏற்றிக் கப்பலோடு மூழ்கடிப்பதை 1970 வரை செய்துகொண்டிருந்தது. அமெரிக்க ராணுவம் தானே தொகுத்த பட்டியலில், வங்காள விரிகுடாவில் 1945-இல் கொட்டிய கடுகு வாயுக் குண்டுகளும் இருக்கின்றன.

அவை எங்கள் தென்கடலுக்கு வந்துவிட்டன என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் வங்காள விரிகுடாவில் கொட்டியதை எங்கே கொட்டினார்கள், எந்த ஆழத்தில் கிடக்கிறது, இந்திய அரசு இதைப் பற்றி எந்த நாட்டிடமாவது கேட்டதுண்டா என்று எங்களிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நீங்கள். உடன்படிக்கையில் இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. 1985 ஜனவரி 1-க்கு முன் கடலில் கொட்டியதையும், 1977 ஜனவரி 1-க்கு முன் தன் மண்ணில் புதைத்து அப்படியே கிடப்பதையும் அறிவிப்பதா வேண்டாமா என்று அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். கிடங்கில் இருந்ததற்குக் கணக்கு உண்டு. கடலில் போனதற்குக் கணக்குச் சொல்ல யாருக்கும் கட்டாயமில்லை. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக ஓர் அரசு தன் மீனவர்களிடம் வாய் மூடி இருக்கலாமா?

போர்ன்ஹோமில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வலையில் கடுகு வாயுக் கட்டி வந்தால் டென்மார்க் மீனவன் அதை மறைக்க வேண்டியதில்லை. அவன் சொன்னால் ராணுவத்தின் ஆட்கள் வந்து படகைச் சுத்தம் செய்கிறார்கள். விஷம் பட்ட மீனை மொத்தமாக அழித்துவிடுகிறார்கள், அழித்த மீனுக்கு அரசு பணம் தருகிறது. அந்தப் பகுதியில் தொழில் செய்யும் படகுகளில் இதற்கென்றே முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்கெங்கே கொட்டினார்கள் என்று கடல் வரைபடத்தில் குறித்திருக்கிறார்கள். அந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் சேர்ந்து, எந்தப் படகுக்கு எந்த ஆண்டு என்ன கிடைத்தது என்று பதிவு வைக்கின்றன. இவ்வளவும் நடக்க ஒரு காரணம்தான் உண்டு. சொல்கிற மீனவனுக்கு நஷ்டம் இல்லை. இங்கே சொல்கிறவனுக்குத்தான் நஷ்டம் எல்லாம்.

நம் நாட்டிலேயே கிட்டத்தில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியது. அதில் இருந்த 640 சரக்குப் பெட்டகங்களில் (கண்டெய்னர்களில்) 12-இல் கால்சியம் கார்பைடு, 13-இல் வேறு ஆபத்தான சரக்கு. கார்பைடு தண்ணீரில் பட்டால் தீப்பிடிக்கும் வாயு கிளம்பும். கரையில் எது ஒதுங்கினாலும் தொடாதீர்கள், 200 மீட்டர் தள்ளி நில்லுங்கள், 112-ஐ அழையுங்கள் என்று கேரள மக்களிடம் சொன்னார்கள். மூன்றே வாக்கியம். கரையோரத்தில் இருக்கிற யாருக்கும் புரியும். அந்தக் கப்பலின் பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரிக் கரை வரைக்கும் வந்தது. இப்படி ஒரு மூன்று வாக்கியம் எங்கள் பாம்பனிலும் மண்டபத்திலும் தொண்டியிலும் ஏர்வாடியிலும் ஒரு பலகையிலாவது எழுதியிருக்கிறதா? நான் பார்த்தவரை இல்லை. மாநிலக் கடலோரப் பாதுகாப்புப் போலீசுக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554 என்று எண்கள் இருக்கின்றன. ஆபத்தில் மாட்டிய படகுக்கு அவை உதவுகின்றன, மறுக்கவில்லை. அடையாளம் தெரியாத உருளை ஒன்று வலையில் வந்தால் அந்த எண்ணில் பேசுகிறவர் என்ன சொல்ல வேண்டும் என்ற எழுத்து உத்தரவு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதெல்லாம் கற்பனைப் பயம் என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தை நினைவுபடுத்துகிறேன். 2018 ஜூனில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குப் பள்ளம் தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாவும் வெடிபொருளும் வந்தன. இலங்கைப் போரின் ஆரம்பக் காலத்தில் புதைத்தவை என்றார்கள். அத்தனை வருடமும் அந்த மண்ணுக்கு மேல் குடியிருந்து, சமைத்து, பிள்ளை வளர்த்திருக்கிறார்கள். அவை இரசாயன ஆயுதங்கள் இல்லை, தெரியும். ஆனால் எங்கள் தீவின் மணலுக்கடியில் போர்ச்சரக்கு கிடக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கடல்பக்கம் இன்னொரு ஆபத்தும் உண்டு. கடற்படைகள் குறி காட்டத் தண்ணீரில் போடும் புகை உருளைகளில் பாஸ்பரஸ் இருக்கும். ஜெர்மனியின் பால்டிக் கரையில் பழைய தீக்குண்டுகளிலிருந்து வந்த வெள்ளைப் பாஸ்பரஸை, அழகான மஞ்சள் கல் என்று பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஈரம் காய்ந்ததும் சட்டைப்பைக்குள்ளேயே தீப்பிடித்திருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து சிப்பியும் சங்கும் பொறுக்குகிற கரை இது.

இப்போது, இந்த மடலை எழுத வேண்டாம் என்று என்னைத் தடுத்த எங்கள் ஆட்களின் கவலை பற்றியும் பேச வேண்டும். "நீ விஷம் விஷம் என்று எழுதினால் நாளைக்கு நம்ம மீனை எவன் வாங்குவான்" என்றார்கள். நியாயமான பயம். ஒரு வதந்திக்கே ஏல விலை பாதியாவதைப் பார்த்தவர்கள் அவர்கள். அதனால் வியாபாரிகளும் வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் கேட்கும்படி சொல்கிறேன். எங்கள் மீனில் விஷம் என்று இந்த மடலில் ஒரு வரியும் இல்லை. கடுகு வாயு தண்ணீரில் கரைந்த மாத்திரத்தில் சிதைந்துவிடும் பொருள். கட்டியாகக் கிடப்பதைத் தொடுகிறவனுக்குத்தான் ஆபத்து. ஆர்சனிக் கலந்த போர்நச்சுகள் வேறு ரகம், அவை எளிதில் அழியாது. அதனால்தான் என்ன கிடைத்தது என்று சோதித்துச் சொல்லுங்கள் என்கிறோம். வதந்தி பரவுவது அரசு பேசாமல் இருப்பதால்தான். சோதனை முடிவைத் தமிழில் அச்சடித்து ஏலக்கூடத்தில் ஒட்டிவிட்டால் மீனவனும் நம்புவான், வியாபாரியும் நம்புவான்.

மக்களிடம் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்ற எண்ணம் உங்களில் சிலருக்கு இருக்கிறது. அதற்கும் ஒரு பதில் உண்டு. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் நரம்பு வாயுவும் கடுகு வாயுவும் நிரப்பிய குண்டுகளுக்கு ஒரு கிடங்கு இருந்தது. அதையெல்லாம் அங்கேயே உலை கட்டி எரித்துவிடுகிறோம் என்று 1984-இல் ராணுவம் சொன்னது. சுற்றியிருந்த ஊர் மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. புகைபோக்கி வழியாக எங்கள் மேல் என்ன விழும் என்று கேட்டார்கள். விஞ்ஞானிகள் இல்லை, சாதாரண ஊர்க்காரர்கள். வருடக்கணக்கில் கேட்டார்கள். கடைசியில் நாடாளுமன்றம் வேறு வழி பார்க்கச் சொல்லி உத்தரவிட்டது. நரம்பு வாயுவைக் காரக் கரைசலோடு கலந்து சிதைப்பது என்று முடிவானது. கொலராடோவில் இருந்த கடுகு வாயுவைச் சூடான தண்ணீரில் சிதைத்து, மிஞ்சிய கழிவை நுண்ணுயிர்களுக்கு இரையாகக் கொடுத்து அழித்தார்கள். உறைந்து கெட்டியாகிக் குண்டிலிருந்து வெளியே எடுக்க முடியாதவற்றை மூடிய எஃகு அறைக்குள் வெடிக்கவைத்தார்கள். மக்கள் குழு ஒன்று கடைசி வரை கூட உட்கார்ந்து கேள்வி கேட்டது. 2023 ஜூலை 7 அன்று கென்டக்கியில் கடைசி ஏவுகணையும் அழிந்தது. அதோடு உலக நாடுகள் அறிவித்திருந்த 72,304 டன் கையிருப்பும் முடிந்தது. மக்கள் கேள்வி கேட்டதால் வேலை கெடவில்லை. நாளானது, பணம் கூடுதலாகச் செலவானது, ஆனால் பாதுகாப்பாக முடிந்தது.

கடலிலும் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 2014-இல் சிரியாவின் மிக ஆபத்தான நச்சுப்பொருளைத் தன் மண்ணில் வைத்து அழிக்க எந்த நாடும் முன்வராதபோது, கேப் ரே என்ற கப்பலுக்குள்ளேயே கருவி அமைத்து, மத்தியதரைக் கடலில் வைத்துச் சிதைத்தார்கள். கிரீட் தீவு மக்கள் பயந்து போராடினார்கள். கழிவில் ஒரு சொட்டும் கடலில் விடாமல் பின்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் கொண்டுபோய் அழித்தார்கள். அந்தக் கடலுக்குக் கொடுத்த மரியாதையை எங்கள் கடலுக்கும் கொடுங்கள். 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்து, பாசி எடுக்கும் பெண்ணைத் தீவுப் பக்கம் போகாதே என்று தடுக்கிறீர்கள். பவளப்பாறையைத் தொட்டால் வழக்கு, கடல் அட்டையை எடுத்தால் வழக்கு. அந்தப் பாறைக்கிடையில் உருளை கிடந்தால் மட்டும் அது எந்தத் துறையும் சாராதது ஆகிவிடுகிறதா?

நாங்கள் கேட்பவற்றைத் தெளிவாக எழுதுகிறேன்.

எங்கள் மனுவை மறுபடி திறந்து, மாவட்டத்தில் இதற்குப் பொறுப்பான அதிகாரி யார் என்று எழுத்தில் அறிவியுங்கள். புது எண் வேண்டாம், இருக்கிற 1093-ம் 1554-ம் போதும். அடையாளம் தெரியாத போர்ச்சரக்கு பற்றித் தகவல் வந்தால் பேசுகிறவர் என்ன சொல்ல வேண்டும், யார் எத்தனை மணி நேரத்துக்குள் வர வேண்டும், எப்படி எடுத்துப்போக வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். "நீங்களே கொண்டு வாருங்கள்" என்று இனி எந்த அலுவலகமும் சொல்லக் கூடாது. எடுக்க வருகிற காவலருக்கும் கையுறையும் முகக்கவசமும் பயிற்சியும் கொடுங்கள். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

தானாக முன்வந்து தகவல் சொல்லும் மீனவரைக் குற்றவாளியாக நடத்தக் கூடாது என்று அரசாணை வேண்டும். விசாரணை வேண்டாம் என்று சொல்லவில்லை. சாட்சியாக விசாரியுங்கள். படகைப் பிடித்துவைக்காதீர்கள், கடலுக்குப் போக அனுமதி தரும் டோக்கனை நிறுத்தாதீர்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இது இல்லாமல் மற்ற எதைச் செய்தாலும் ஒருவரும் உங்களிடம் வந்து சொல்ல மாட்டார்கள்.

வீணான மீனுக்கும், கெட்டுப்போன வலைக்கும், படகு நின்ற நாளுக்கும் நஷ்டஈடு கொடுங்கள். படகில் போன கூலி ஆட்களுக்கும் சேர்த்து.

கிடைத்த ஒவ்வொரு பொருளிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவைக் கண்டெடுத்தவருக்கும் ஊருக்கும் தமிழில் தர வேண்டும். என் தம்பி எடுத்த உருளையிலிருந்தே தொடங்குங்கள்.

தீவிலும் கரையோரத்திலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்கள் முதல் மாவட்டத் தலைமை மருத்துவமனை வரை, தாமதித்து வரும் கொப்புளத்தைப் பார்த்தால் என்ன கேட்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி கொடுங்கள். தொடாதே, பட்டால் உடனே கழுவு, கண்ணைத் தேய்க்காதே, போன் செய் என்று படம் போட்ட பலகையை ஒவ்வொரு இறங்குதளத்திலும் வையுங்கள். பாசி எடுக்கும் பெண்கள் பலர் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள், அதனால் படம் கட்டாயம் வேண்டும்.

இரசாயன ஆயுத உடன்படிக்கைக்குப் பொறுப்பான மத்திய அதிகாரிகளுக்குத் தனியாக ஒரு கோரிக்கை. வங்காள விரிகுடாவில் போர்க்காலத்தில் கொட்டியவை பற்றி அமெரிக்காவிடமும் பிரிட்டனிடமும் அதிகாரபூர்வமாகக் கேளுங்கள். கிடைத்ததை வெளியிட்டு, கடல் வரைபடத்தில் குறியுங்கள். 1985 என்ற தேதியைக் காட்டி ஒதுங்கிவிடாதீர்கள்.

எங்கள் கரையில் கிடைத்த எந்த வெடிபொருளையும் நச்சுப்பொருளையும் எங்கள் மணலில் குழி தோண்டியோ கடலில் போட்டோ அழிக்காதீர்கள். எங்கே, எப்போது, எப்படி அழிக்கப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே ஊரைக் கூட்டிச் சொல்லுங்கள். சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் மைக் இருக்கிறது, சொன்னால் அரை மணி நேரத்தில் ஊர் கூடிவிடும்.

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் ஜூன் 15 அன்று கடலுக்கு இறங்கும். அதற்கு முன் இந்த மடலுக்கு எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். வராவிட்டால், கரையோர ஊர்களிலிருந்து ஊருக்கு இருவராக மாவட்டத் தலைநகரில் உங்களை நேரில் சந்திக்க வருவோம்.

இப்படிக்கு,
பாம்பன் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து,
ஒரு மீனவனின் அக்கா